பதினேழாம் நம்பர் ஸ்லைடு

மார்கழி வெள்ளத்தில் ஆற்றோடு போன பேச்சிமுத்து, அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை பத்தேகால் மணிக்கு, உயிரியல் லேபின் கழுவுதொட்டி ஓரத்தில், பதினேழாம் நம்பர் ஸ்லைடில் உயிரோடு இருப்பது தெரியவந்தது. முதலில் பார்த்தவள் லேப் உதவியாள் ஆவுடை. பத்தொன்பது வருஷமாக ஃபார்மலின் ஜாடிகளைத் துடைத்து, மைக்ரோஸ்கோப்புகளுக்கு உறை போட்டு, பிள்ளைகள் உடைத்த சோதனைக் குழாய்களைக் கூட்டி அள்ளி வாழ்ந்தவளுக்கு எதற்கும் சட்டென்று பதறுகிற வழக்கம் கிடையாது. தேர்வுக்குப் போட்ட நாற்பத்திரண்டு ஸ்லைடில் நாற்பத்தொன்று காய்ந்து பொருக்காகிக் கிடக்க, இது மட்டும் நேற்றுப் போட்டதுபோல ஈரமாக இருந்ததால், கழுவுவதற்கு முன் என்னதான் என்று லென்ஸுக்கடியில் வைத்துப் பார்த்தாள். நீலச் சாயத்துக்குள் செல்கள் ஓரம் மடிந்த அப்பளம்போல ஒன்றையொன்று இடித்துக்கொண்டு அசைந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒன்று இடுப்பு ஒடுங்கி இரண்டாகி, இரண்டும் ஆளுக்கொரு பக்கம் தள்ளி உட்கார்ந்துகொண்டன.

ஸ்லைடில் ஒட்டியிருந்த சீட்டில் பேச்சிமுத்து என்று அவன் கையெழுத்திலேயே இருந்தது. இடதுகைக்காரன், எழுத்தெல்லாம் ஒருச்சாய்த்துத்தான் படுத்திருக்கும். சீட்டு அவனுடையதுதான். ஆனால் கண்ணாடியில் இருந்தது ஆவுடையின் கன்னம். இதை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் கருங்குடி ஊருக்கு இது இன்றுவரை தெரியாது.

செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் பல்குச்சியால் உள்கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, ஒரு சொட்டு சாயம் விட்டு, மனிதச் செல்லைக் காட்டி, இது சவ்வு, இது சைட்டோபிளாசம், இது நியூக்ளியஸ் என்று படம் போட்டுக் குறிக்க வேண்டும். எச்சில் குமிழியைக் காட்டுகிறவன், காலையில் தின்ற இட்லித் துணுக்கைக் காட்டுகிறவன், ரத்தம் வரச் சுரண்டிவிட்டு அழுகிறவள் என்று வருஷா வருஷம் ஐந்தாறு பேராவது முழித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்காக ஆவுடை காலையிலேயே வாயை நன்றாகக் கொப்பளித்து, தன் கன்னத்தைச் சுரண்டி அரை டஜன் ஸ்லைடு போட்டு ஈரத்துணிக்கடியில் வைத்திருப்பாள். கருங்குடியிலிருந்து நர்ஸாகவும் கம்பவுண்டராகவும், ஏன், ஒரு பல் டாக்டராகவும் போனவர்களில் பாதிப் பேர் ஆவுடையின் கன்னத்தைக் காட்டித்தான் தேறினார்கள். உயிரியல் சாருக்கும் இது தெரியும், தெரியாததுபோல் ஜன்னலைப் பார்த்துக்கொள்வார். பேச்சிமுத்து அன்றைக்கு வாயைத் திறக்கவே முடியாமல் நின்றான். வீட்டுக்குத் தெரியாமல் பாக்குப் பொட்டலம் போட்டுப் போட்டு உள்கன்னமெல்லாம் வெந்திருந்தது. “அத்த, எங்கம்மைட்ட மட்டும் சொல்லிராதிய” என்று கண்ணில் தண்ணீர் வைத்தான். சொல்லமாட்டேன் என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, ஈரத்துணியைத் தூக்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் அவன் ஆற்றில் இறங்கினான். உடல் கிடைக்கவில்லை.

“சார், இங்கன வாங்க” என்று ஆவுடை கூப்பிட்டதும் உயிரியல் ஆசிரியர் ஞானசிகாமணி வந்து குனிந்து பார்த்தார், நிமிர்ந்து சீட்டைப் பார்த்தார், மறுபடி குனிந்தார். “கன்னத்துச் செல்லு உதிரப்போற செல்லு. இது பிரியவே பிரியாதே ஆவுடையம்மா” என்றார். செல்கள் பிரிந்தபடி இருந்தன. அவருக்குப் பின்னால் எட்டிப்பார்த்த பிள்ளைகள் பேரைப் படித்துவிட்டார்கள். சீட்டு பேச்சிமுத்துவுடையது, கன்னம் என்னுடையது என்று சொல்வதற்கு ஆவுடைக்குக் கிடைத்தது ஒரு நிமிஷம்தான், அந்த நிமிஷத்தில் அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள், அதற்குள் பிள்ளைகள் கேட்டைத் தாண்டி ஓடிவிட்டார்கள்.

பேச்சிமுத்துவின் அம்மை சண்முகவடிவு வந்த வருகையை ஆவுடை சாகும்வரை மறக்கமாட்டாள். ஆறு மகனை வாரிக்கொண்டு போன நாளிலிருந்து இருபத்தோரு நாளாகப் படித்துறையில் உட்கார்ந்திருந்தவள் அவள். சோறு இறங்கவில்லை. அவள்கூடப் பீடி சுற்றுகிற பெண்கள் முறைவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சேலைத் தலைப்பைத் தங்கள் இடுப்பில் முடிந்து வைத்திருந்தார்கள், ஏனென்றால் முப்பதாம் நாள் நானும் இறங்குவேன் என்று அவள் ஆற்றிடமே சொல்லியிருந்தாள். அப்படிப்பட்டவள் தலைவிரிகோலமாக லேபுக்குள் வந்து, ஸ்டூலில் ஏறி, ஒரு கண்ணை மூடத் தெரியாமல் கையால் பொத்திக்கொண்டு, லென்ஸுக்குள் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, “பேச்சிமுத்தூ” என்றாள், விளையாடப் போனவனைத் தெருமுனையிலிருந்து கூப்பிடுவதுபோல. தொட்டி ஓரமாக நின்ற ஆவுடைக்கு உள்கன்னம் சுரீர் என்றது.

“மச்சம்” என்றாள் சண்முகவடிவு. “எம்புள்ள மச்சம். இந்தா, கருப்பா ஓரத்துல. எல்லாத்துலயும் இருக்கு சார்.” அவள் பிள்ளைக்கு இடக்கன்னத்தில் மச்சம் உண்டு. சாரும் பார்த்தார். ஒவ்வொரு செல்லிலும் நியூக்ளியஸின் விளிம்பில் குண்டூசி முனையளவு ஒரு கரும்புள்ளி ஒட்டிக்கொண்டிருந்தது. அன்று மத்தியானம் சண்முகவடிவு ஆய்வகத் தரையில் சம்மணம் போட்டு, சத்துணவுக் கூடத்திலிருந்து வந்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். அதைப் பார்த்த பிறகு ஆவுடைக்கு வாய் எப்படி வரும்?

ஊர் இந்த விஷயத்தை ஒரே வாரத்தில் பழக்கமாக்கிக்கொண்டது. வகுப்பாசிரியை வருகைப் பதிவேட்டில் அடித்த பெயரைத் திரும்ப எழுதி, தினமும் காலையில் “பேச்சிமுத்து?” என்று கூப்பிட, பிள்ளைகள் “லேப்ல இருக்கான் மிஸ்” என்று கோரஸாகச் சொல்ல, அவரும் டிக் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். இறப்புச் சான்றிதழுக்கு மனு வாங்கிவைத்திருந்த பேரூராட்சி எழுத்தர், உயிர் இருக்கிற ஆளுக்கு எந்தப் படிவத்தில் எழுதுவது என்று கேட்டு அதைத் திருப்பி அனுப்பினார். கருமாதிக்குத் தேதி குறித்திருந்த ஐயர், சதை வளர்கிற வரைக்கும் எள்ளும் தண்ணியும் இறைக்கக் கூடாது என்று ஒதுங்கிக்கொண்டார். சனிக்கிழமை தோறும் பொதுமக்கள் பார்க்கலாம் என்று தலைமையாசிரியர் போர்டு வைத்தார். மைக்ரோஸ்கோப்புக்கு மாலை போடக் கூடாது, லென்ஸில் திருநீறு பூசக் கூடாது என்று இரண்டு வரி பிறகு சேர்க்க வேண்டியதாயிற்று.

வந்தவர்களுக்கெல்லாம் ஞானசிகாமணி சார் சுவரில் தொங்கிய படத்தைப் பிரம்பால் தொட்டுத் தொட்டு விளக்கினார். சவ்வு என்பது வாசல்காரி, யாரை உள்ளே விடலாம் யாரைத் துரத்தலாம் என்று அவளுக்குத் தெரியும். நியூக்ளியஸ் என்பது பத்திரங்கள் வைத்திருக்கிற பூட்டின அறை. மைட்டோகாண்ட்ரியா அடுப்பு, அது எரிகிறவரைக்கும்தான் வீடு வீடாக இருக்கும். குழாயடியில் சண்டை போடுகிறவர்கள்கூட “ஒனக்குச் சவ்வே கிடையாதுட்டி, எவ சொன்னாலும் உள்ள விட்டுருவ” என்று ஏசிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அடுப்பைப்பற்றி சார் இன்னொன்றும் சொன்னார். அது அம்மா கொடுப்பது மட்டும்தான், அப்பனுக்கு அதில் பங்கே கிடையாது, அம்மாவுக்கு அவள் அம்மா கொடுத்தது. சண்முகவடிவு அதைக் கேட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். “எங்கம்மை அடுப்பு எரியுது உள்ள, எம்புள்ளைக்குக் குளிராது” என்றாள். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். ஆவுடையும் அழுதாள், ஆனால் அவள் அழுதது இருபது வருஷத்துக்கு முன் செத்துப்போன தன் அம்மையை நினைத்து, யார் வீட்டு அடுப்பில் யார் குளிர் காய்கிறார்கள் என்பதை நினைத்து.

தினமும் சாயங்காலம் பீடித்தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு சண்முகவடிவு வருவாள். லேப் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, இலையை வெட்டித் தூளை வைத்துச் சுருட்டிக்கொண்டே அன்றைய கதையெல்லாம் அவனுக்குச் சொல்வாள். வாயில் வெற்றிலை ஓயாதவள், பேச்சு நின்றால் ஜன்னல் வழியாக வெளியே துப்புவாள், துப்பிவிட்டு மறுபடி பேசுவாள். போகும்போது இளநீரில் பஞ்சை நனைத்துக் கண்ணாடி ஓரமாக ஒரு சொட்டு விடுவாள். அந்த நேரம் ஆவுடை எங்கிருந்தாலும், வீட்டில் குழம்பு தாளித்துக்கொண்டிருந்தாலும், நாக்கில் இளநீர் இனிக்கும். சண்முகவடிவு குனிந்து பார்க்கிறபோதெல்லாம் ஆவுடையின் கன்னத்தில் யாரோ உற்றுப் பார்க்கிற சூடு ஏறும். நெத்திலிக் கருவாட்டின் வாசனையே ஆகாதவளுக்கு ஒருநாள் கருவாடு வேண்டும் என்று இருந்தது, வாங்கிவந்து தின்ற பிறகுதான் அது பேச்சிமுத்துவுக்குப் பிடித்தது என்று ஞாபகம் வந்தது. துடைப்பத்தை இடதுகையில் பிடித்துப் பெருக்கினாள். வராண்டாவில் நடக்கும்போது அவள் வாயிலிருந்து சீட்டி கிளம்பியது, நாற்பத்தாறு வயதுக்காரி, கைம்பெண், பள்ளிக்கூட வராண்டாவில். ஊரில் பேச்சிமுத்துகளுக்குக் குறைச்சலா? யாராவது யாரையாவது “ஏ பேச்சிமுத்து” என்று கூப்பிட்டால் “இந்தா வாரேன்” என்று அவள் திரும்பினாள். பெயரிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, ஊட்டி ஊட்டி, அந்தச் செல்களை அவன்தான் என்று நம்பவைத்துவிட்டார்கள், இனி அவை கிளம்பிவந்த உடம்பையும் நம்பவைக்கும் என்று ஆவுடைக்குப் பயம் பிடித்தது.

ஞானசிகாமணி சார் ஒருநாள் இடைவேளையில் அவளை மட்டும் கூப்பிட்டு, பெரிய லென்ஸைப் போட்டுக் காட்டினார். “இந்த மச்சம் என்னன்னு தெரியுமா ஆவுடையம்மா? பொம்பளைக்கு எக்ஸ் குரோமோசோம் ரெண்டு. ரெண்டும் ஒண்ணா பேசினா செல்லு தாங்காது. அதனால ஒண்ணு சுருண்டு மூலையில ஒதுங்கி, ஆயுசுக்கும் வாயை மூடிக்கும். அதுதான் இந்தப் புள்ளி. ஆம்பளைப் பிள்ளைக்கு இது வராது.” ஆவுடை தரையைப் பார்த்தாள். சார் லென்ஸைத் துடைத்தபடி, தனக்குத்தானே பேசுவதுபோலச் சொன்னார்: “வேடிக்கை என்னன்னா, பிள்ளை வயித்துல இருக்கும்போது அதோட செல்லு கொஞ்சம் தாய் ரத்தத்துல கலந்துரும். பெத்த பிறகும் போகாது. முப்பது நாப்பது வருஷம் அவ ஒடம்புல எங்கயாவது ஒட்டிக்கிட்டுக் கிடக்கும். நான் ஒண்ணும் கேக்கலை. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேண்டாம்.” மூலையில் ஒதுங்கி வாயை மூடிக்கொண்டது யார் என்று ஆவுடைக்குத் தெரிந்தது. ஆனாலும் மேலும் பதினைந்து நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் சண்முகவடிவு ஆற்றுக்குப் போவாள். அந்தக் கணக்கு மட்டும் அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்திருந்தது.

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாட்டு இடைவேளையில், பட்டப்பகலில், ரேஷன் கடைக்கு மண்ணெண்ணெய் டின்னோடு கிளம்பிய ஆவுடை, யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்டு “இந்தா வாரேன்” என்று சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. அடுத்து நினைவு வந்தபோது ஆற்றில் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். காலுக்கடியில் மணல் வழுக்கிக்கொண்டே போனது. சுழல் அவள் சேலையை மரியாதையாகக் கையைப் பிடித்து அழைப்பதுபோல இழுத்தது. பயமே இல்லை, அதுதான் பயங்கரம். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஓடிவந்து முடியைக் கொத்தாகப் பிடித்துக் கரைக்கு இழுத்துப்போட்டு, “கிறுக்கு முத்திப்போச்சா ஒனக்கு?” என்று முதுகில் நாலு அறை அறைந்தாள். ஆவுடை ஆற்று மணலைக் காறிக் காறித் துப்பினாள். தண்ணீரைக் குடிக்கவே இல்லையே, மணல் எப்படி வந்தது என்று அப்போது தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்கு பெல் அடித்து, பிள்ளைகள் போய், சண்முகவடிவு பீடித்தட்டோடு வந்து உட்கார்ந்ததும், ஆவுடை லேப் கதவைச் சாத்தினாள். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

“மதினி, ஒண்ணு சொல்லுதேன். சொன்ன பிறகு என்னைய அடிச்சாலும் சரி.”

“சொல்லு.”

“அது பேச்சிமுத்து இல்ல. என் கன்னம். பரீட்சை அன்னைக்கு அவனுக்கு வாயெல்லாம் புண்ணு, சுரண்ட முடியல. நான்தான் என்னோடத எடுத்துக் குடுத்தேன். சீட்டு மட்டும்தான் அவன் எழுதினது. அந்தப் புள்ளி மச்சம் இல்ல மதினி. பொம்பளைக்கு மட்டும் இருக்கிற புள்ளி.”

சண்முகவடிவின் விரல்கள் பாதி சுருட்டிய பீடியைச் சுருட்டி முடித்து, நூலைக் கட்டி, நுனியை மடித்து, தட்டில் வைத்தன. “வாயில என்ன புண்ணு?” என்று கேட்டாள்.

“பாக்கு. ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னான்.”

“பாக்கா” என்றாள். பிறகு எழுந்தாள். “ரெண்டு மாசம். ரெண்டு மாசமா ஒன் கன்னத்தையாட்டி நான் கொஞ்சிக்கிட்டுக் கெடந்தேன்? ஒனக்கா நான் எளநி ஊத்தினேன்? ஏன் சொல்லல?”

“நீங்க அன்னைக்குச் சோறு தின்னிய மதினி.”

சண்முகவடிவு பீடித்தட்டை எடுக்கவில்லை. வெற்றிலைப் பையை எடுக்கவில்லை. கதவைப் பார்த்து நடந்தாள். எதையும் எடுத்துக்கொள்ளாமல் கிளம்புகிறவள் எங்கே போகிறாள் என்று ஆவுடைக்கு விளக்கமாகத் தெரிந்தது, ஏனென்றால் மத்தியானம் அவளும் மண்ணெண்ணெய் டின்னைத் தெருவில் போட்டுவிட்டு அப்படித்தான் போயிருக்கிறாள். ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றாள்.

“தள்ளு.”

“ஒரு தரம் வாயைத் தொறங்க. அப்புறம் போங்க.”

“தள்ளுட்டி!”

“பத்து மாசம் வயித்துல கெடந்தவன் ஒண்ணும் விடாமலா போயிருப்பான்? சார் சொன்னாவ மதினி. பிள்ளையோட செல்லு தாயி ஒடம்புல தங்கும். வாயைக் கொப்பளிச்சிட்டுத் தொறங்க. இல்லன்னா நானே ஒங்கள ஆத்துல கொண்டு விடுதேன், வழி எனக்குத் தெரியும்.”

அவள் ஈரத் தலையை அப்போதுதான் சண்முகவடிவு பார்த்தாள். தலைமுடிக்குள் இன்னும் மணல் ஒட்டியிருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு போய் ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரில் மூன்று தரம் கொப்பளித்துத் தொட்டியில் துப்பி, பல் டாக்டரிடம் போனவள்போலக் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

ஆவுடை இடக்கன்னத்தைச் சுரண்டி, கண்ணாடியில் தடவி, சாயம் விட்டு, மேல் கண்ணாடியைச் சரித்து மூடினாள். பெரிய லென்ஸைப் போட்டு, ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும், அரிசியில் கல் பொறுக்குகிறவள்போல ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். புள்ளி. புள்ளி. புள்ளி. சில செல்லில் புள்ளி மறைந்துகொண்டு ஏமாற்றும் என்று சார் சொல்லியிருந்தார், அதனால் நின்று நின்று பார்த்தாள். ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, வாட்ச்மேன் வந்து கதவைத் தட்டிவிட்டுப் போனார். ஆவுடைக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. வாசல்காரி ஒவ்வொருத்தியும் வழிவிட்டாள், ஒவ்வொரு வீட்டிலும் மூலையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். கடைசி ஓரத்தில், சாயம் வெளுத்துப்போன இடத்தில், தனியாக ஒன்று கிடந்தது. அதில் புள்ளி இல்லை.

“கூப்பிடுங்க” என்றாள் ஆவுடை, லென்ஸிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“யார?”

“கூப்பிடுங்க மதினி.”

“பேச்சிமுத்து” என்றாள் சண்முகவடிவு. புள்ளி இல்லாத அந்த ஒன்று மட்டும், தூக்கத்தில் கூப்பிட்ட பிள்ளை புரண்டு படுப்பதுபோல, மெள்ள ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடதுபுறமாகத் திரும்பியது. ஆவுடை தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அங்கே ஒன்றும் சுடவில்லை. பக்கத்து மேஜையில் பதினேழாம் நம்பர் ஸ்லைடு, மற்ற நாற்பத்தொன்றையும்போலக் காய்ந்து பொருக்காகிக் கிடந்தது.

எழுந்து இடத்தைக் கொடுத்தாள். சண்முகவடிவு ஒரு கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தாள். வெகுநேரம் கழித்து நிமிர்ந்து, “பாக்குப் போட்டானாம்ல களவாணிப் பய” என்று சொல்லி, வாயைப் பொத்திக்கொண்டு, மகனைப் பறிகொடுத்த தாய் அழுகிற அழுகையை முதல் தரமாக அழுதாள். ஆவுடை அவளைக் கட்டிக்கொண்டாள். இருவரும் தரையில் உட்கார்ந்து அழுதார்கள்.

அழுது முடித்துச் சண்முகவடிவு தண்ணீர் கேட்டாள். ஆவுடை பாட்டிலை நீட்டினாள். வாயில் ஊற்றிக் கொப்பளித்தவள், பழக்கத்தில் தொட்டிப் பக்கம் குனிந்தாள், குனிந்தவள் அப்படியே நின்றாள். கண்கள் ஆவுடையைப் பார்த்தன. பிறகு தலையை நிமிர்த்தி, கண்ணை மூடி, அந்தத் தண்ணீரை மொத்தமாக விழுங்கினாள்.

ஊருக்கு ஸ்லைடு காய்ந்துவிட்டது என்று மட்டும்தான் தெரியும். வகுப்பாசிரியை பெயரை மறுபடி அடித்தார், எழுத்தர் மனுவை வாங்கிக்கொண்டார், ஐயர் எள்ளும் தண்ணியும் இறைக்க நாள் பார்த்துக் கொடுத்தார். ஆற்றங்கரைக்குப் போய் எல்லாம் முறைப்படி நடந்தது, சண்முகவடிவு சேலையில் யாரும் முடிச்சுப் போட வேண்டியிருக்கவில்லை. இப்போதும் ஆவுடை தேர்வு நாளில் ஈரத்துணிக்கடியில் அரை டஜன் ஸ்லைடு வைத்திருக்கிறாள். துடைப்பம் வலது கைக்கு வந்துவிட்டது. கருவாட்டு வாசனை ஆகவே ஆகாது.

சண்முகவடிவு வெற்றிலையை விட்டுவிட்டாள். அன்றிலிருந்து அவள் எங்கேயும் துப்பியதில்லை. இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொள்கிறாள். வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றும்போது, தெருவில் யாராவது யாரையாவது “ஏ பேச்சிமுத்து” என்று கூப்பிட்டால், அவள் தலையை நிமிர்த்துவதில்லை. நாக்கால் இடக்கன்னத்தை உள்ளிருந்து ஒருமுறை தடவிக்கொண்டு, யாருக்கும் கேட்காமல், “இந்தா இருக்கான்” என்கிறாள்.